நர்ஸு கேக்கச் சொன்னாங்களாம்

ஏங்க, இக்கட்ட வந்து உக்காருங்க. அங்க கம்பியப் புடிச்சுட்டு நிக்காதீங்க. இந்த டிரைவரு பிரேக்கு போட்டா முன்னால நிக்கறவங்க எல்லாம் கண்ணாடிக்கே போயிருவாங்க. வாங்க, நான் நகந்துக்கறேன். பாப்பாவ மடியில தூக்கி வெச்சுக்கறேன். இவ காலு மட்டும் உங்க மேல படும், கோவிச்சுக்காதீங்க. எட்டி ஒதைக்கறதுதான் இவளுக்கு வேலையே. வயித்துக்குள்ள இருக்கையிலயும் அப்படித்தான்.

எத்தனை மாசங்க? அஞ்சா? சேலையில தெரியல. அப்பறம் எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? பைக்குள்ள கைய விட்டு ஒரு நெல்லிக்காய எடுத்து யாருக்கும் தெரியாம வாயில போட்டீங்கல்ல, அப்பவே தெரிஞ்சு போச்சு. பஸ்ஸு திரும்பறப்பெல்லாம் கண்ண வேற மூடிக்கறீங்க. வயசு? இருவதுதானா? அப்ப என்னையவிடச் சின்னவ. சரி, தங்கச்சின்னே கூப்புடறேன். 'ங்க' எல்லாம் இனிமே வேண்டாம்.

ஒண்ணு சொல்லிக்கறேன், இப்படிப் பேசறாளேன்னு நெனச்சுக்காத. நான் யாருகிட்டயும் பேசவே மாட்டேன். நெம்பக் கூச்சம் எனக்கு. பள்ளிக்கூடம் எட்டாவதோட நின்னதே அதனாலதான். ஒம்பதாவதுக்கு வேற பள்ளிக்கூடம் போவோணும், மொத நாளு எல்லாரும் எந்திரிச்சு நின்னு பேரு சொல்லோணும்னாங்க. நான் போகவே இல்ல. என் பேரு கோகிலவாணி. அதை நாப்பது பேரு முன்னால நின்னு எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.

ஆஸ்பத்திரிக்கா போறே? செவ்வாக்கெழம, வயித்துப் புள்ளைக்காரிக்கு வேற எங்க போற வேலை. செக்கப்புக்குத்தான். தனியாவா? அம்மா? மாமியா?

சரி சரி. கேக்கல. தலைய ஆட்டிட்டியல்ல, போதும். உன் மாதிரித்தான் நானும் போன வருசம் இதே பஸ்ஸுல இதே சீட்டுல உக்காந்து போனேன். லவ் மேரேஜா? எங்களதும் அதேதான். அவரு வேற சாதி ஆளுக. எங்கம்மா பேரு துளசிமணி, வெள்ளகோயில் பக்கம் தறி ஓட்டுற வேலை. எங்கப்பன் நான் சின்னவளா இருக்கையிலயே போயிட்டாரு. ஒத்தப் பொம்பளையா நின்னு என்னைய வளத்துச்சு. நான் இவரோட கெளம்பி வந்ததும், "எனக்குப் புள்ளையே பொறக்கலேன்னு நெனச்சுக்கறேன், இந்தப் படிய மிதிச்சறாத"ன்னுச்சு. அதுக்கப்பறம் ஒரு போனு இல்ல, ஒரு சேதி இல்ல. எங்க மாமியாரூட்டுலயும் அதே கதைதான். அவங்களப் பத்திப் பேசுனா பஸ்ஸு ஈரோடே போயிரும், விடு.

எங்கூட்டுக்காரரு போர் வண்டியில வேலை. கெணறு தோண்டுற ரிக் வண்டி. இந்த ஊருல பாதி ஆம்பளைங்க அப்படித்தான, போனா மாசக்கணக்குல வடக்க சுத்துவாங்க. எனக்கு நாளு தள்ளிப் போனப்ப அவரு ராய்ப்பூருக்கு அக்கட்ட எங்கியோ இருந்தாரு. போனு போட்டேன். அந்தப் பக்கம் கம்ப்ரஸரு சத்தம். "சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு"ங்கறாரு. நாங்க இருக்கறது லைன் வீடு. சத்தமாச் சொன்னா அவருக்குக் கேக்கறதுக்கு முந்தி பக்கத்து அஞ்சு வீட்டுக்கும் கேட்டுரும். அவரு என்ன பண்ணுனாரு, ஏதோ ஆபத்துன்னு நெனச்சு வண்டியவே நிறுத்தச் சொல்லிட்டாரு. திடீர்னு ஒரே அமைதி. அந்தப் பக்கம் வேலைக்காரங்க பூராப் பேரும் என்னமோ ஏதோன்னு நின்னுட்டாங்களாம். அத்தனை பேரு கேட்டுட்டு நிக்கறப்ப நான் எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்லீங்க, சாப்டீங்களா?"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். அடுத்த நாளு மெசேஜுல அனுப்புனேன்.

சொல்லியாச்சு. அப்பறம் எங்க போறது, யாரைப் பாக்கறது? எனக்கு ஒண்ணுமே தெரியல. வீட்டு ஓனரம்மாதான், நான் கெணத்தடியில வாந்தி எடுக்கறதப் பாத்துட்டு, "பால்வாடியில போயிச் சொல்லு, சத்துமாவு குடுப்பாங்க, நர்ஸம்மாவும் அங்கயே வருவாங்க"ன்னாங்க. பால்வாடி எங்க தெரு முக்குலதான் இருக்குது. போனேன். வாசல் வரைக்கும் போனேன். உள்ள கொழந்தைங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து பாட்டுப் பாடிட்டு இருந்துச்சுங்க. திரும்பி வந்துட்டேன். மறுநாளும் போனேன், திரும்பி வந்துட்டேன். அப்படியே எத்தனையோ நாளு, காய் வாங்கப் போற மாதிரி பையத் தூக்கிட்டு அந்த வழியா நடந்தேன். கடைசியில பால்வாடி டீச்சரே வெளிய வந்து புடிச்சுக்கிட்டாங்க.

"தெனமும் வந்து எட்டிப் பாக்கறியே, எந்தக் கொழந்தையக் கூப்புட வந்தே?"

"கொழந்தைக்குத்தானுங்க..."

"அதான் எந்தக் கொழந்தை? பேரு சொல்லு."

"பேரு வெக்கலீங்க."

"பேரு வெக்காத கொழந்தை இந்தப் பால்வாடியில இல்லியே!"

"இன்னும் பொறக்கலீங்க."

அந்த டீச்சரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே! உள்ள இருக்கற ஆயாவ வேற கூப்புட்டு, "இங்க வாக்கா, சீட்டு புடிக்க இப்பவே ஆளு வந்திருக்குது"ன்னாங்க. எனக்கு மூஞ்சி எங்க வெக்கறதுன்னு தெரியல. ஆனா அன்னிக்கே எடை போட்டு, சத்துமாவு குடுத்து, நர்ஸம்மா எந்தக் கெழமை வருவாங்கன்னும் சொல்லி அனுப்புனாங்க. அந்தச் சத்துமாவ முந்தானையில மறைச்சு எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில வெச்சேன், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. லைன்ல எல்லாத்துக்கும் தெரியும்னு அப்பறமாத்தான் தெரிஞ்சுது. எனக்கு முந்தியே தெரிஞ்சிருக்குமாட்ட இருக்குது.

இந்தா, பாப்பாவச் சித்தெ புடி, தண்ணி குடிச்சுக்கறேன். பாத்தியா, உங்கிட்ட அழுகல. புடிச்சுப் பழகிக்க.

நான் சொல்ல வந்தது இதில்ல. நர்ஸம்மா பத்தி. எஸ்தர் நர்ஸம்மான்னு பேரு, இன்னிக்கு நீ போற எடத்துல அவங்கதான் இருப்பாங்க. நல்லவங்க. ஆனா கேள்வி கேப்பாங்க. ஏழாம் மாசம் நான் போனப்ப பெஞ்சு நெறையா ஆளு. எல்லாம் அம்மா கூடவோ அத்தை கூடவோ வந்திருந்துச்சுங்க. ஒருத்தி அம்மா தோள்ல சாஞ்சு தூங்கவே தூங்குறா. உள்ள பிரசவ வார்டுல ஒரு பொண்ணு கத்துச்சு. "அம்மா, அம்மா"ன்னு. நான் அப்பத்தான் கவனிச்சேன், வலி வந்தா எல்லாரும் அதையேதான் கத்தறாங்க. வேற வார்த்தையே வர்றதில்ல போல. நான் கத்துனா யாரு வருவாங்கன்னு நெனச்சேன்.

அந்த நேரம் பாத்து எஸ்தர் நர்ஸம்மா என்னையக் கூப்புட்டு, எல்லாரு முன்னாலயும் கேக்கறாங்க.

"பிரசவத்துக்கு உள்ள ஒரு பொம்பளை துணைக்கு இருக்கலாம். உனக்கு யாரு வர்றது?"

பெஞ்சே என்னையப் பாக்குது.

"உன்னத்தாம்மா. யாரு வர்றது?"

"எங்கம்மாங்க."

வாயில அதுவா வந்துருச்சு தங்கச்சி. யாருமில்லீங்கன்னு அத்தனை பேரு முன்னால சொல்றதுக்கு எனக்குக் கூச்சம். சொல்லிட்டாப் போதும், விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விடல.

"கட்டுச்சோறு எப்போ?"

உங்க பக்கம் கட்டுச்சோறு உண்டா? நீ தர்மபுரிப் பக்கமா? உங்கள்ல வேற பேரு இருக்கும். இங்கெல்லாம் ஒம்பதாம் மாசம் அம்மா வீட்டுல இருந்து வித விதமாச் சோறு கட்டிட்டு வருவாங்க. சொந்தபந்தம் எல்லாம் சாப்புட்டு, பொண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. எப்பக் கூட்டிட்டுப் போறாங்கன்னு நர்ஸுங்களுக்குத் தெரியோணும். அப்பத்தான் அந்த ஊரு நர்ஸுகிட்டச் சொல்லி ஒப்படைக்க முடியும். அதுக்குத்தான் கேட்டாங்க. அது எனக்குத் தெரியுமா?

"ஒம்பதாம் மாசமுங்க."

"எந்த ஊரு? எந்தத் தெரு? அடையாளம் சொல்லு."

நான் பொய் பேசிப் பழகாதவ. அம்மா வரும்னு சொன்ன ஒண்ணுதான் பொய்யி. மத்ததெல்லாம் கேக்கக் கேக்க நெசத்தையே சொல்லிட்டேன். ஊரு பேரு, தெரு பேரு, மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு, முன்னால ஒரு முருங்கை மரம், எங்கம்மா பேரு துளசிமணி, தறிக்குப் போயிட்டு மத்தியானச் சோத்துக்குத்தான் வீட்டுக்கு வரும். அதுவரைக்கும் ஒண்ணுவிடாமச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வீட்டுக்கே போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. எஸ்தர் நர்ஸம்மா எழுதிக்கிட்டு, "அங்க கலாமணின்னு ஒரு நர்ஸு. என்னோட ஒண்ணா டிரெயினிங் எடுத்தவதான். சொல்லிடறேன்"னாங்க.

வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு உக்காந்தேன். என்ன பண்ணி வெச்சிருக்கறேன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

ஆனா பாரு, அதுக்கப்பறம் ஒண்ணும் நடக்கல. எஸ்தர் நர்ஸம்மாதான் என்னைய நெம்ப கவனிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வாராவாரம் போனு. "கால் வீங்குதா? ஒருக்களிச்சுப் படுக்கறியா? உனக்கு முருங்கைக்கீரைன்னா ஆகாதாமே, மாத்திரையவாச்சும் ஒழுங்கா முழுங்கு. கட்டிலுக்கடியில எறிஞ்சுறாத." எனக்கு முருங்கைக்கீரை புடிக்காதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? மாத்திரைய எறியற பழக்கம் சின்னதுல இருந்தே உண்டு, அது எப்படித் தெரிஞ்சுது? மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிருவாங்க போல. அனுபவம் அப்படி.

ஒம்பதாம் மாசம் பொறந்ததும் கூப்புட்டு, "கோகிலா, உன்னைய அந்த ஊருக்கு மாத்தியாச்சு. இனி கலாமணி பாத்துக்குவா. சீக்கிரம் கெளம்பிப் போயிச் சேரு"ன்னுட்டாங்க. தலையில கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு. இங்க என்னைய அனுப்பியாச்சு. அங்க படிய மிதிக்கக்கூடாது. எங்கூட்டுக்காரரு போன்ல, "நான் வண்டிய விட்டுட்டு வந்துடறேன்"ங்கறாரு. வரட்டும், வந்தாலும் ஆம்பளைய உள்ள விடமாட்டாங்களே. நெசத்தச் சொல்லிரலாம்னு நெனச்சு, கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். "நர்ஸம்மா, எனக்கு யாருமில்லீங்க." கண்ணாடிகிட்டயே சொல்ல முடியல. அழுகதான் வந்துச்சு.

அந்த ஞாயித்துக்கெழம காலையில கதவத் தட்டுறாங்க. தெறந்தா எங்கம்மா.

ரெண்டு கையிலயும் தூக்குப்போசி. தோள்ல ஒரு பை. மூஞ்சி உர்ருன்னு. உள்ள வரல, வாசல்லயே நின்னுக்கிட்டு ஆரம்பிச்சுது.

"அந்த நர்ஸு தொல்லை தாங்க முடியல. கெளம்பு."

"அம்மா..."

"அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது. வாரம் தவறாம வந்து வாசல்ல நின்னு 'பொண்ணு வந்தாச்சா, பொண்ணு வந்தாச்சா'ன்னா ஊருல நாலு பேரு என்ன நெனப்பாங்க? அடுத்த வாரம் வந்துருவான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிக்குது. அவகிட்ட ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டு நீ எங்க வேண்ணாலும் போ."

"சாப்புடறியாம்மா?"

"உன்ற சோறு எனக்கெதுக்கு. நான்தான் கொண்டாந்திருக்கறேனே."

போசியத் தெறந்தா புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு. அடி அடுக்குல அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய்யி. எனக்கு அதுன்னா உசுரு. கட்டுச்சோத்துல யாராச்சும் அரிசிம்பருப்பு வெப்பாங்களா? கேட்டேன். "அடுக்கு ஒண்ணு காலியா கெடந்துச்சு, வெறும் அடுக்க எதுக்குத் தூக்கறதுன்னு போட்டுட்டு வந்தேன்"னுச்சு. பையில கண்ணாடி வளையலு. என்ற கை அப்ப வீங்கிக் கெடந்துச்சு, பழைய அளவு ஏறவே ஏறாது. இது வழுக்கிட்டுப் போச்சு. "கடைக்காரன் பெரிய அளவா மாத்திக் குடுத்துட்டான், வீணாப் போவுதேன்னுதான்"னுச்சு. லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்து ஆளுக்கு ரெண்டு வளையலு போட்டு வுட்டாங்க. எங்கம்மா ஒரு ஓரமா நின்னு செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாசமெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. நர்ஸு தொல்லைக்குத்தான் வந்துச்சு.

பஸ்ஸுல ஊரு போற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கண்டக்டருகிட்டத்தான் சண்டை. "பொண்ணு வயிறு தெரியலியா, மெதுவா ஓட்டச் சொல்லய்யா!"ன்னு. ஊருல இறங்கி நான் வாசப்படிகிட்ட வந்து நின்னுட்டேன். மிதிக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்துச்சே. "என்னத்துக்கு நிக்கறே?"ன்னுச்சு. "படி..."ன்னேன். கையப் புடிச்சுத் தூக்கி விட்டுச்சு. "மிதிக்காமத்தான வந்தே, போ உள்ள."

வலி வந்தது ஒரு மத்தியான நேரம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உள்ள துணைக்கு எங்கம்மாதான். நான் கத்துனேன். வேறென்ன, எல்லாரும் கத்துறதத்தான். "அம்மா! அம்மா!"

"இங்கதான இருக்கறேன், எதுக்குடி ஊரக் கூட்டறே!"ன்னு அதட்டுச்சு. அதட்டுச்சே தவிர கைய விடல. அடுத்த நாளு பாத்தா அது முழங்கையில என் நகம் பட்ட காயம் வரிசையா இருக்குது.

அப்பறந்தான் இந்த வேடிக்கை. பாப்பா பொறந்து வார்டுல படுத்திருக்கேன், கலாமணி நர்ஸம்மா பாக்க வந்தாங்க. நல்ல மனுசி, ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாங்க. நான், "எங்கம்மாகிட்ட வாராவாரம் நடையா நடந்தீங்களாம், நெம்ப நன்றிங்க"ன்னேன். அவங்க, "நானா? நான் ஒரே ஒருக்காத்தான் உங்க வீட்டுக்குப் போனேன். அதுக்கப்பறம் உங்கம்மாதானே வாராவாரம் தறிய நிறுத்திட்டு வந்து பால்வாடித் திண்டுல உக்காந்துக்குவாங்க? 'எம்பொண்ணு எடை எத்தனை, ரத்தம் எத்தனை, அந்த ஊரு நர்ஸுக்குப் போனு போட்டுக் கேளு'ன்னு என் உசுர எடுத்தாங்க"ங்கறாங்க.

பாவம். எத்தனை வீடு, எத்தனை ஊரு அலையறாங்க. வேற யாரு அம்மாவையோ நெனச்சுக்கிட்டு சொல்றாங்க. எங்கம்மாகிட்டயும் கேட்டேன். "அவளுக்கு வேலையில்ல"ன்னு சொல்லிட்டு, பாப்பாவுக்குத் துணி மாத்த ஓடிருச்சு. பாப்பா துணிய நனைக்கவே இல்ல அப்ப.

நான் இங்க திரும்பி வந்து இப்ப நெம்ப நாளாச்சு. ஆனா அந்த நர்ஸுங்கள மாதிரி அக்கறை நான் எங்கயும் பாத்ததில்ல. தெனமும் பொழுதோட எங்கம்மா போனு பண்ணும். "நர்ஸு கேக்கச் சொன்னா, பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?" "நர்ஸு கேக்கச் சொன்னா, பல்லு மொளைச்சுதா?" போன வாரம் என்ன தெரியுமா? "நர்ஸு கேக்கச் சொன்னா, மருமகன் வடக்க ஒழுங்காச் சாப்புடறாராமா?" எந்த ஊரு நர்ஸு மருமகன் சாப்பாட்ட விசாரிப்பாங்க, சொல்லு! இத்தனைக்கும் கலாமணி நர்ஸம்மா மாத்தலாகி ஊட்டிப் பக்கம் போயி மாசக்கணக்காகுது. அங்க இருந்தும் கேட்டு விடறாங்களாம். அப்படியொரு நர்ஸு.

ஐயோ! சந்தை ஸ்டாப்பிங் போயிருச்சா? நான் அங்கதான் இறங்கோணும். ஏங்க கண்டக்டரண்ணா, சொல்லக் கூடாதுங்களா? சிரிக்கறதப் பாரு. என்ன சொல்றாரு தெரியுமா? "நீ என்னிக்கு அம்மிணி சந்தையில இறங்கியிருக்கறே, செவ்வாக்கெழம ஆனா யாராச்சும் ஒருத்தியப் புடிச்சுக்குவியே"ங்கறாரு. ஆளு மாறிச் சொல்றாரு. நான் யாருகிட்டயும் பேசறவளே கெடையாது.

பரவால்ல விடு, உங்கூடவே இறங்கிக்கறேன். காய் பொழுதோட வாங்கிக்கலாம். பாத்து, படி ஒசரம், என் தோளப் புடிச்சுக்க. பாப்பா, சித்திய ஒதைக்காத.

இங்க பாரு, உள்ள போனதும் எஸ்தர் நர்ஸம்மா துணைக்கு யாருன்னு கேப்பாங்க. என் பேரையும் சொல்லிக்க, கோகிலவாணி, உறவு அக்கான்னு. நான் வர்றேன். ஆனா மொதல்ல உங்கம்மா பேரச் சொல்லு. வருமா வராதான்னு இப்ப உனக்குத் தெரிய வேண்டாம், எனக்கும் தெரிஞ்சா இருந்துச்சு? ஊரு, தெரு, வீட்டுக்கு முன்னால என்ன மரம், எந்த நேரத்துல வீட்டுல இருக்கும். கூச்சப்படாத. அட்ரஸ மட்டும் சரியாச் சொல்லிரு.